மாத்திரையும் முன்சீட்டும்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு மாத்திரையை நான்காம் நாளே நிறுத்திவிட்டு, சாப்பிடுவதாக வீட்டில் பொய் சொன்ன ஆள் நான். அந்த வெட்கத்தில் பிறந்தது இந்தக் கதை. எனக்கு முடியாததை முத்துப்பேச்சியை வைத்து முடிக்கப் பார்க்கிறேன். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். வயது நாற்பத்தொன்று.

2
முதல் தொடக்கம்: "மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்..." சீ, அடித்துவிட்டேன். ஐந்தரை மணி ஜீப்புக்கு ஓடுகிறவள் மேகத்தையா பார்ப்பாள்?

இரண்டாவது: "கணவன் இறந்தபின் அவள்..." (அவன் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பாவம், அவனை எதற்குக் கொல்ல வேண்டும்?)

காரணம் கேட்காதீர்கள். ஆறு மாதமாய் அவளுக்குத் தலை வாரக்கூட மலைப்பாக இருந்தது. அழுகை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. தேனியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

3
மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அவளுக்குக் குடலைப் புரட்டியது. பத்தொன்பது வருஷமாய் அந்தப் பதினேழு வளைவுகளில் ஒருதரம்கூட வாந்தி எடுக்காதவள். எடுத்தவர்களைக் கேலி பேசி ஓட்டு ஓட்டென்று ஓட்டியவள்.

"காசிமாயா, நிறுத்துப்பா!"

டிரைவர் காசிமாயன் நிறுத்தினான். அந்த ஜீப்பில் ஒரு சட்டம்: வாந்திக்காரருக்கு முன்சீட்டு.

"முன்னால ஏறுக்கா. பேச்சியக்காவே கக்கிருச்சுன்னா மலைதான் ஆடியிருக்கணும்."

பின்னால் ஒரே சிரிப்பு. அவளுக்கு மானமே போனது.

பிறகு வாய் வறண்டது. கொட்டாவி மேல் கொட்டாவி. விரல் நடுங்கி, விளைந்த காயோடு பிஞ்சும் சேர்ந்து வந்தது. ஏல வாசனையே ஆகவில்லை. "நல்லாருக்கத்தான தின்னேன்? இது என்னையப் படுத்துற பாடு..." ஆறாம் நாள், சாயங்காலம் இறங்கும்போது மாத்திரை அட்டையைப் பள்ளத்தில் எறிந்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

4
இங்கே மூன்று நாள் நான் எழுதவில்லை. எறியவிட்டால் அவள் நானாகிவிடுவாள். புத்தி சொல்ல ஜீப்பில் ஒரு டாக்டரை ஏற்றிப் பார்த்தேன். (தோட்ட ஜீப்பில் டாக்டருக்கு என்ன சோலி? இறக்கிவிட்டேன்.)

கடைசியில் பக்கத்துச் செடியில் காய் எடுக்கிற சூர்யகலா கண்ணில்தான் அந்த அட்டை பட்டது.

"என்னக்கா, பிரசர் மாத்திரையா?"

"மனசுக்கு." தன் வாய் அதைச் சொன்னதில் முத்துப்பேச்சிக்கே ஆச்சரியம்.

சூர்யகலா சிரிக்கவில்லை. "எப்ப போடுற?"

"காலச் சாப்பாட்டுக்கு அப்புறம்னாக. எந்திரிச்சதும் கட்டங்காப்பியக் குடிச்சிட்டுப் போட்டுர்றேன்."

"அட போக்கா! நமக்குக் காலச் சாப்பாடு மலையில பத்து மணிக்குல்ல! வெறும் வயித்துல போட்டு வளைவு ஏறுனா கொடலு சும்மா இருக்குமா? டாக்டருக்குப் போனப் போடு, வெரசா!"

டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறினார்கள். டாக்டரின் நர்ஸம்மா எடுத்தார். "நாளையிலருந்து பத்து மணிக்குச் சாப்பிட்டுட்டே போடுங்க. வறட்சி, கொட்டாவி, நடுக்கமெல்லாம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும். நீங்களா நிறுத்தாதீங்க. தாங்க முடியலைன்னாலோ, மனசு இன்னும் மோசமானாலோ உடனே வாங்க."

அட்டை பள்ளத்துக்குப் போகவில்லை.*

*என் அட்டை குப்பைக்குப் போனது. எனக்குப் போன் போடச் சொல்ல ஆள் இல்லை என்று எழுதப்போனேன். இருந்தார்கள். நான்தான் சொல்லவில்லை.

5
முடிவு அ: அவள் முழுக்கக் குணமாகி, பாடிக்கொண்டே... பொய். மாத்திரை மனசைத் தொட இன்னும் வாரங்கள் ஆகும்.

முடிவு ஆ: பதினோராம் நாள். வாய் இன்னும் கொஞ்சம் வறட்சிதான். ஆனால் பதினேழு வளைவும் தாண்டியாயிற்று, வயிறு சும்மா கிடந்தது. பத்து மணிக்குத் தூக்குவாளிச் சோற்றைத் தின்றுவிட்டு, எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போட்டாள். அப்பாடா என்றிருந்தது, அவளுக்கும் எனக்கும்.

மறுநாள் காசிமாயன் வழக்கம்போல் முன்சீட்டைத் தட்டிக்காட்டினான்.

"எனக்கு எதுக்குடா அது? நான் பின்னாலயே வர்றேன்."

மிச்சத்தை நான் எழுதப்போவதில்லை. முன்சீட்டு காலியாக இருக்கிறது. நேற்று டாக்டரைப் பார்த்து, நானும் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டேன். இன்று அந்தச் சீட்டில் ஓரமாய் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கும் முதல் வாரம் என்றால் வாருங்கள், தள்ளி உட்காருகிறேன்.