யூனுஸ் போட்ட கோடு

“ரெண்டு ஸ்டாராவது வரணும் சார். ஸ்டார் இல்லேன்னா கைடு தீசிஸத் தூக்கி மூஞ்சியில எறிவாரு.”

போனில் கெஞ்சியவன் மன்னார்குடிப் பக்கத்து ஆராய்ச்சி மாணவன். ஒரு முடிவு குருட்டாம்போக்கில் வந்ததல்ல, நம்பலாம் என்றால் கணினி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடும். அது எதற்காக விழுகிறது என்று அவனுக்குத் தெரியாது. கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் மாதிரி, தீசிஸுக்கு நட்சத்திரம் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனுக்கு முன்னால் யூனுஸ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்ற அவன் அக்கா லத்தீஃபா உதட்டைச் சுழித்து, ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி அவன் முன்னால் தள்ளினாள்.

“வராது தம்பி,” என்று கனத்த குரலில் வாசித்தான் யூனுஸ். “டேட்டாவுல இல்லாதது படத்துல வராது.”

அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியாது. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கணினியில் ப்ரோக்ராம் எழுதி, ஊரார் ஆராய்ச்சிக்கெல்லாம் கணக்கும் கோட்டுப் படமும் போட்டுக் கொடுப்பவள் லத்தீஃபா. ஆரம்பத்தில் சொந்தப் பெயரில்தான் செய்தாள். வந்தவர்களில் பாதிப் பேர், “வீட்டுல சார் யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று கேட்டார்கள். மீதிப் பேர் அவள் சொன்னதை வேறொரு ஆண்பிள்ளையிடம் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சலித்துப்போய்த் தம்பியின் பெயரைப் போட்டாள். அதன் பிறகு ஒருவரும் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. யூனுஸ் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாடிக்கையாளர்கள் மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அதோடு போயிற்று. போகாமல் என்ன செய்யும்? ஒருவர் கேள்வித்தாள் நிரப்பியவர்களின் செல்போன் எண்களுக்குச் சராசரி எடுத்து அனுப்பியிருந்தார். இன்னொருவர் முனைவர் பட்டம் வாங்கிப் பத்து வருடம் ஆனவர். அவருடைய மழைப் படத்தில் கணினி மாதங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டிருந்தது. ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர். மனிதர் அதைக் கவனிக்காமல், மழை ஏன் இப்படிக் குதித்துக் குதித்துப் பெய்கிறது என்பதற்கு நாலு பக்கம் காரணம் எழுதியிருந்தார். லத்தீஃபா அதைப் படித்துவிட்டு, சாப்பிடும்போதெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தாள். இவர்கள் பாடம் நடத்தித்தான் பிள்ளைகள் படிக்கின்றன என்ற எண்ணம் வந்ததும் சிரிப்பு நின்றது.

இந்தக் கூட்டத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் டாக்டர் சிங்காரவேலு.

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரத் துறைத் தலைவர். எந்தக் கட்சி கோட்டையைப் பிடித்தாலும் அந்தக் கரையில் ஒரு வேட்டி அவர் பீரோவில் தயாராக இருக்கும். டெல்டாவில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று ஊர் ஊராக மறியல் நடந்த காலம் அது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்ற அறிவிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. ஆலங்கொல்லை என்ற கிராமத்தில் ஒரு கம்பெனி வயலுக்கு நடுவே துளை போட்டிருந்தது. இரண்டாவது துளைக்கும் இடம் அளந்தாயிற்று. நிலப் பாதுகாப்புக் குழு என்று ஊரார் ஒன்றைத் தொடங்க, சிங்காரவேலு அதற்கு ஆலோசகராக வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் சிலர் துளைக்குப் பக்கத்திலும் தள்ளியும் இருந்த அடிபம்புகளில் மாதாமாதம் தண்ணீர் பிடித்து, கையடக்க மீட்டரில் உப்பின் அளவு பார்த்து வைத்திருந்தார்கள். துளை போடும் முன்னிருந்தே, ஒரு வருடத்துக்கும் மேலாகப் பார்த்திருந்தார்கள். அது சிங்காரவேலு வழியாக ‘யூனுஸ்’ கைக்கு வந்தது.

லத்தீஃபா அதை ஆசையோடு பிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சுத்தமான டேட்டா! ஒரு மாதம் விடுபட்டிருந்தால் விடுபட்டது என்றே இருந்தது. யாரும் இட்டுக்கட்டி நிரப்பவில்லை. துளைக்குப் பக்கத்துப் பம்புகளுக்கு ஒரு கோடும் தள்ளியிருந்த பம்புகளுக்கு ஒரு கோடும் போட்டாள். கோடையில் இரண்டும் ஏறின, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டும் இறங்கின. ஆனால் துளை போட்ட பிறகு பக்கத்துக் கோடு ஏறிய அளவுக்கு இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி மெல்ல அகன்றுகொண்டே போனது. அதிரடியாக ஒன்றுமில்லை. ஆனால் உண்மை.

படம் போய்ச் சேர்ந்ததும் சிங்காரவேலு கூப்பிட்டார்.

“என்ன தம்பி, படம் சவசவன்னு இருக்கு? நடுவுல கோடு கீழ வருது?”

“மழ பேஞ்சா உப்பு கொறையும் சார்,” என்று தாளைப் பார்த்து வாசித்தான் யூனுஸ்.

“அப்ப மழ மாசம் வேணாம், எடுத்துரு. தள்ளி இருக்கற பம்பு நமக்கு எதுக்கு? அதையும் எடுத்துரு. கீழ பூஜ்யத்துலேருந்து ஏன் ஆரம்பிக்கிற? எண்ணூறுல ஆரம்பி. கோடு தென்னமரமாட்டம் நிமுந்து நிக்கணும். கடைசி வரிசையில இருக்கறவன் பாத்துப் பதறணும்.”

லத்தீஃபா வேகமாக எழுதினாள். யூனுஸ் வாசித்தான். “அது தப்பு சார். எதிர்ப்பக்கம் விஷயம் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தாக் கிழிச்சிருவான்.”

“தம்பி, கோடு போடறது உன் வேல. எந்தக் கோடுன்னு சொல்றது என் வேல. நாளைக்குள்ள அனுப்பு.”

போன் வைக்கப்பட்டது. “முடியாதுன்னு சொல்லிரு லாத்தா,” என்றான் யூனுஸ். அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

“ஏன் சொல்லணும்? கேட்டதக் குடுப்போம். அந்த ஆளு மொகரைக்கு இதுதான் லாயக்கு.”

ப்ரோக்ராமில் மூன்று வரியை மாற்றினாள். மழை மாதங்கள் போயின, தள்ளியிருந்த பம்புகள் போயின, அச்சு எண்ணூறில் தொடங்கியது. கோடு தென்னைமரமாக நிமிர்ந்தது. ஒரு முட்டாளுக்குத் தூக்கு மாட்டிக்கொள்ள அவன் கேட்ட கயிற்றையே கொடுத்துவிட்ட திருப்தியோடு அனுப்பி வைத்தாள்.

கோட்டாட்சியர் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையை யாரோ செல்போனில் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். யூனுஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான். சிங்காரவேலு படத்தைப் பெரிய தட்டியாக அடித்து வைத்து, ஒரு மேடைப் பேச்சே பேசினார். கம்பெனித் தரப்பில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “அக்டோபர், நவம்பர், டிசம்பர் எங்க சார் போச்சு? கோடையில உப்பு எல்லா ஊர்லயும்தான் ஏறும். தள்ளி இருக்கற பம்புல எவ்வளவுன்னு இருக்கா? அச்சு ஏன் எண்ணூறுல தொடங்குது?”

சிங்காரவேலு துண்டைச் சரிசெய்துகொண்டார். தண்ணீர் குடித்தார். லத்தீஃபா வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்த ஆய்வை எடுத்துக்கொள்ள முடியாது என்று கோட்டாட்சியர் சொல்லிவிட்டார். அப்போதுதான் சிங்காரவேலு மைக்கை மறுபடி பிடித்தார். “டேட்டா சரியாத்தாங்க இருக்கு. கூத்தாநல்லூர்ல யூனுஸ்னு ஒருத்தன்கிட்ட ப்ரோக்ராம் போடக் குடுத்தோம். அவன் என்ன பண்ணினானோ, யாருக்காகப் பண்ணினானோ, எனக்குத் தெரியாது.”

லத்தீஃபாவின் சிரிப்பு நின்றது.

மறுநாள் அந்த ‘யாருக்காகப் பண்ணினானோ’ என்பது கை கால் முளைத்து வந்தது. கம்பெனியிடம் விலைபோன யூனுஸ் என்று கடைப் பலகையின் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்கிருந்தோ பைக்கில் வந்த நாலு பேர் கடை முன்னால் நின்று காது கூசத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் சாதி சனத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். யூனுஸ் ஷட்டரை இறக்கினான். தென்னைமரக் கோடு என்றால் என்ன, அச்சு என்றால் என்ன என்று அப்போதும் அவனுக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள் காலையில் ஒரு பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். ஆலங்கொல்லை காத்தாயி. ஐம்பது வயதிருக்கும். மாமனார் காலத்து நிலப் போராட்டத்தில் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் அவளுடையது. துளை அந்த வயலை ஒட்டித்தான் இருந்தது. மாதாமாதம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பம்பு பம்பாக நடந்தவளும் அவள்தான். அவள் திட்டவில்லை. “யூனுஸ்ங்கறவரப் பாத்து ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்,” என்றாள். யூனுஸ் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

“வாங்கக்கா, உக்காருங்க,” என்றாள் லத்தீஃபா.

காத்தாயி உட்காரவில்லை. “யூனுஸ் எங்க?”

“நீங்க தேடுற யூனுஸ் நாந்தான். இவன் பேருக்கு.”

காத்தாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அந்தப் படம் நீங்க போட்டதா?”

“ஆமாக்கா.”

“தப்புன்னு தெரியாமப் போட்டீங்களா, தெரிஞ்சு போட்டீங்களா?”

பொய் சொல்ல ஒரு நொடி தோன்றியது. ஆனால் தெரியாமல் போட்டேன் என்று சொல்ல அவளுடைய கர்வம் விடவில்லை. “தெரிஞ்சுதான். சிங்காரவேலு சார் அப்பிடித்தான் கேட்டாரு. தப்புன்னு சொன்னோம், கேக்கல. சரி, பட்டாத்தான் புத்தி வரும்னு…”

“யாருக்கு?”

காத்தாயி அவளை முடிக்க விடவில்லை.

“அவருக்கு என்னம்மா பட்டுச்சு? அன்னிக்கு சாயந்தரமே கார்ல ஏறிப் போயிட்டாரு. ரெண்டாவது தொள என் வயலுக்குப் பக்கத்துலதான் போடப் போறான். வேகாத வெயில்ல பம்பு பம்பாப் போயி அடிச்சுப் பாத்தது அவரா? அந்த ஆள ஏளனம் பண்றதுக்கு எங்க தண்ணிதான் கெடச்சுதா உங்களுக்கு?”

குரல் உயரவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வை லத்தீஃபாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. செல்போன் எண்ணுக்குச் சராசரி எடுத்தவனை நினைத்து அவள் பார்க்கும் அதே பார்வை. இது படித்தும் உருப்படாத ஜென்மம் என்கிற பார்வை. முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக அது தன் மேலேயே விழுந்தது.

கணினியைத் திறந்து முதலில் போட்ட படத்தைக் காட்டினாள். எது பக்கத்துக் கோடு, எது தள்ளியிருக்கிற கோடு, இடைவெளி எங்கே அகல்கிறது என்று விரல் வைத்துச் சொன்னாள்.

“அப்ப தண்ணி கெட்டுருக்குன்னு இது சொல்லுதா, சொல்லலையா?”

“சொல்லுது. கொஞ்சமாச் சொல்லுது. ஆனா யாராலயும் இல்லேன்னு சொல்ல முடியாது.”

“இத ஏன் முன்னாடியே எங்ககிட்டக் காட்டல?”

ஆலங்கொல்லையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே லத்தீஃபாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. சிங்காரவேலு மட்டும்தான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை திருவாரூர் குறைதீர் கூட்டத்துக்கு லத்தீஃபாவும் காத்தாயியும் போனார்கள். வரிசையில் நின்று மனுவும் படமும் கொடுத்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, “ஏற்கெனவே தப்பாப் படம் போட்டவங்கதான நீங்க?” என்றார்.

“தப்பாப் போட்டது நாந்தான் சார். என் தம்பி இல்ல, இந்த அக்காவும் இல்ல,” என்றாள் லத்தீஃபா. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது. “எத எத மறைச்சேன்னு தனியா எழுதி வச்சிருக்கேன். டேட்டா முழுசா இருக்கு. உங்க ஆளுங்களே போட்டுப் பாக்கட்டும்.”

அதிகாரி கொஞ்ச நேரம் புரட்டினார். மழை மாதங்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்தார், இருந்தன. குடிநீர் வாரியம் நேரில் போய் மாதிரி எடுக்கட்டும், முடிவு வரும்வரை இரண்டாவது துளைக்கு வேலை தொடங்க வேண்டாம் என்று எழுதினார்.

வெளியே வந்தால் வராந்தாவில் சிங்காரவேலு. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, டிவிக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். “எங்கள் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி,” என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். காத்தாயியைப் பிடித்திழுத்துப் பக்கத்தில் நிறுத்தப் பார்த்தார். அவள் அந்தக் கையை ஈ ஓட்டுவது போலத் தட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

வாரியத்தின் சோதனை, துளையை ஒட்டிய பம்புகளில் உப்பு கூடுதல் என்றும், மேலும் ஆய்வு தேவை என்றும் சொன்னது. இரண்டாவது துளை நின்றது. முதல் துளை அங்கேயேதான் இருந்தது. மூன்று மாதம் கழித்துத் தஞ்சாவூர்க் கருத்தரங்கு ஒன்றில் சிங்காரவேலு அதே இரண்டு கோட்டுப் படத்தைத் தன் பெயரில் போட்டுக் காட்டினார். தள்ளியிருக்கும் பம்புகளை ஏன் சேர்த்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, “அதுதாங்க என்னோட ஆய்வுமுறையின் தனிச்சிறப்பு,” என்றாராம். லத்தீஃபா இதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. செருப்பில் ஒட்டிய சேற்றுக்கு யார் கோபப்படுவார்கள்?

யூனுஸ் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். பாதி வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டாள்.

காத்தாயி மட்டும் மாதாமாதம் போன் செய்து, பம்பு பம்பாக அளவு சொன்னாள். நலம் விசாரிப்பு கிடையாது, எண்கள் மட்டும்தான். ஒரு மாதம் லத்தீஃபா இடைமறித்தாள். “கோயிலடிப் பம்பு போன மாசத்த விடக் கம்மியா இருக்கே, சரியாப் பாத்தீங்களாக்கா?”

“நான் சரியாத்தாம்மா பாத்தேன்,” என்றாள் காத்தாயி. “போடறத நீங்க சரியாப் போடுங்க.”

அவள் சொன்ன எண்ணையே லத்தீஃபா போட்டாள். கோடு கொஞ்சம் இறங்கியது.