தேங்காய் எண்ணெய் போட்ட வைப்பர்

வினோதினிக்குக் கார் ஓட்டுவதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் "நிறுத்துங்கண்ணே" என்று சத்தம் போட வேண்டியிருக்கிறதே, அதற்குப் பயந்துதான் அப்பாவின் பழைய காரைப் பிடித்துக்கொண்டாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. சேர்ந்த புதிதில் வாயைத் திறக்காமல் கல்லூரி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்தவள் அவள்.

இப்போது அந்தக் காரும் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. மழை தொடங்கியதும் வைப்பர் ஊர ஆரம்பித்தது. ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி மறுபடி மறைந்துவிடும். அப்பா ராமாமிர்தம், சிதம்பரத்தைத் தாண்டிக் குமராட்சியில் காரை வாங்க ஆள் பார்த்துவிட்டார்.

"நாளைக்கி சிதம்பரம் வரைக்கும் நானும் வரேன். வைப்பர் ஒழுங்கா ஓடுச்சுன்னா வண்டி ஒனக்கு. இல்லன்னா அப்படியே குமராட்சில வுட்டுட்டு வந்துடுவேன். நீ பஸ்ல போய்க்கோ."

வினோதினி வைப்பர் கையைக் கழற்றி, அது மாட்டியிருந்த தண்டை விரலால் திருகிப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, தண்டில் கிரீஸ் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். கண்டுபிடித்தது சரி. அதோடு நிறுத்தியிருந்தால் வேதியியல் பட்டத்துக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும்.

கிரீஸ் வாங்கத் திருப்பாதிரிப்புலியூருக்குப் போனாள். கடையில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். "இன்னாம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். எதிரே தொங்கிய சாவி வளையத்தைக் காட்டி, அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தண்டில் நிறைய விட்டாள். மத்தியான வெயிலில் வைப்பர் பறந்தது. அப்பாவே ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, "பரவால்லியே!" என்றார்.

மறுநாள் மார்கழிக் காலை. சிதம்பரம் போகிற வழியில் குடிகாட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒருமுறை முனகி, பாதிக் கண்ணாடியில் நின்றது.

"இன்னா வினோ, தூங்குது?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். எத்தனை டிகிரியில் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எழுதத்தான் தெரிந்தது.

காரை ஓரங்கட்டினாள். எதிரே ஒரு டிராக்டர் ஷெட். அப்பா அசையவில்லை.

"நான் கேக்க மாட்டேன். ஒனக்கு வண்டி வேணுமா, நீ எறங்கு."

இறங்கினாள். ஷெட்டுக்காரர் கார்த்திகேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் அவள் முதலில் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா!"

"அண்ணே, கொஞ்சம் கிரீஸ் வேணும்! தொடைக்க மண்ணெண்ண! வைப்பர்ல தேங்காண்ண போட்டுட்டேன், ஒறைஞ்சு போச்சு!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. கார்த்திகேசனுக்குப் புரை ஏறியது.

"வைப்பருக்குத் தேங்காண்ணயா? அப்ப தலைக்கி இன்னா போடற, கிரீஸா?"

"அதெப்படிண்ணே போடுவேன்? கிரீஸ் வாங்க கடைல வாயத் தொறந்து கேக்கணுமே!"

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கார்த்திகேசன் சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினார்.

அவர் பிடித்த குடையின் கீழ் அவளே தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையை மாட்டி முடுக்கினாள். வைப்பர் சடசடவென்று ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் அப்பா போனை எடுத்தார்.

"இல்லீங்க, வண்டிய குடுக்கறதா இல்ல. பொண்ணு ஓட்டுது."

புதுச்சத்திரத்தில் மழை விட்டுவிட்டது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சுக் கீச்சென்று தேய்த்தபடியே சிதம்பரம் வரை வந்தது. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.