ஆறு முள், ஒரு மிதி

தையல்காரி படகில் ஏறி ஒரு மணி நேரமாகியும் வாந்தி எடுக்கவில்லை. அதுவே அவர்கள் வீட்டில் ஒரு சாதனை. அவள் கணவன், கரையில் கட்டிப்போட்ட படகைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வீரன்.

படகு நாத்தனாருடையது. மூன்று பேருக்கு இடம். நாத்தனார், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் தூங்குமூஞ்சி, மூன்றாவது இடம் காலி. அது தனக்கு வேண்டும் என்று தையல்காரி கேட்டபோது நாத்தனார் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணி, ஒரு கயித்துல ஆறு தூண்டில் முள்ளு. மதியத்துக்குள்ள ஒரே ஒரு தடவை, ஆறுலயும் மீனோட தூக்கிக் காட்டுங்க. இடம் உங்களுக்கு. இல்லேன்னா தையல் மிஷினுக்கே போயிடணும், மறுபடி கேக்கக் கூடாது."

"கேட்டா?"

"அண்ணனைக் கூட்டிட்டு வந்து உங்க பக்கத்துல உக்கார வெச்சிடுவேன்."

அந்தத் தண்டனையை நினைத்தே தையல்காரி பத்து நாள் உழைத்தாள். கானாங்கெளுத்தி மீனுக்கு இரை வேண்டியதில்லை. முள்ளில் வெள்ளை இறகைக் கட்டி நீருக்குள் ஏற்றி இறக்கினால், குட்டி மீன் என்று நம்பிக் கவ்விவிடும். அந்த இறகுகளைக் கடையில் உட்கார்ந்து, ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவே தையல் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அதில் ஒரு முள் தலைமையாசிரியரின் கால்சட்டைப் பின்பைக்குள் போய்விட்டது. அவர் உட்கார்ந்த பிறகுதான் அது எங்கே போயிற்று என்று ஊருக்கே தெரிந்தது. தூண்டில் கயிறான நைலான் நரம்பிலும் ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது விரித்த இரு கைகளின் அளவுக்கு ஒரு முறை, வண்ண நூலால் அடையாளம் சுற்றியிருந்தாள். மீன் கூட்டம் நிற்கும் ஏழாவது பாகத்தில் சிவப்பு.

"கடலுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறீங்களாக்கா?" என்று தூங்குமூஞ்சி ஒரு கண்ணைத் திறந்து கேட்டான்.

நரம்பின் நுனியில் கட்டிய ஈயக்குண்டு கீழே இறங்கியது. சிவப்பு நூல் விரலைத் தாண்டும்போது நரம்பு துடித்தது. அவள் வெடுக்கென்று இழுத்தாள். ஒரே ஒரு மீன். அடுத்த முறையும் ஒன்று. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. கானாங்கெளுத்தியின் மெல்லிய வாய் கிழிந்து, முள் மட்டும் மேலே வந்தது.

"ஐயோ அண்ணி! முதல் மீன் மாட்டினா இழுக்காம விட்டுடுங்க. அது துள்ளத் துள்ள மத்த இறகெல்லாம் ஆடும், கூட்டமே வந்து மொய்க்கும். எத்தனை தடவை சொல்றது?"

அவளுக்குத் தெரியாதா? மூளைக்குத் தெரிந்தது, கைக்குத்தான் தெரியவில்லை. இருபது வருடமாக மிஷினில் நூல் சுண்டினால் அந்த நொடியே காலை நிறுத்தி நூலை இழுத்துப் பழகிய கை அது. ஒரு நொடி தாமதித்தால் துணி பாழ். அந்தக் கையிடம் போய், நூல் சுண்டும்போது சும்மா இரு என்றால் எப்படிக் கேட்கும்?

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கரைக்குத் திரும்ப, தூங்குமூஞ்சி இன்ஜின் கயிற்றைக் கையில் சுற்றத் தொடங்கினான்.

காலை நிறுத்தினால்தானே கை இழுக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றினாள். படகின் அடிப்பலகையில் இரண்டு பாதங்களையும் வைத்து, மிஷினை மிதிப்பதுபோல் மிதிக்கத் தொடங்கினாள். டக்கு டக்கு டக்கு.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"நீட்டுத் தையல். பேசாத."

சிவப்பு நூல் விரலுக்கு வந்தது. துடிப்பு. கால் நிற்கவில்லை, கையும் இழுக்கவில்லை. இன்னொரு துடிப்பு. பிறகு நரம்பு பக்கவாட்டில் ஓடியது, கனத்தது, விரலை அறுத்தது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். துணியை நகர்த்துவதுபோல் மெதுவாக, ஒரே சீராக மேலே எடுத்தாள்.

நீலமும் பச்சையுமாய் முதுகில் வரியோடு ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது மேலே வரும்போதே ஐந்தாவது தெரிந்தது. கடைசி முள் நீரைவிட்டு வரும்வரை மூவரும் மூச்சுவிடவில்லை.

"ஆறு," என்றான் தூங்குமூஞ்சி. இரண்டு கண்களும் திறந்திருந்தன.

நாத்தனார் குனிந்து மீன்களைத் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை எண்ணினாள். ஒவ்வொரு முள்ளும் வாயின் ஓரத்தில் அழகாக, கிழியாமல் ஏறியிருந்தது. ஒரு இறகின் நூல்கட்டை நகத்தால் நெருடிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, சுற்றியிருந்த அத்தனை படகுகளுக்கும் கேட்கக் கத்தினாள்:

"ஆறு முள்ளு, ஆறு கானாங்கெளுத்தி! ஒரே தூக்கு! எங்க அண்ணிடா! தையல்கார அண்ணி!"

தையல்காரிக்குக் கண் கலங்கியது. உப்புத் தண்ணி தெறித்துவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடல் அப்போது தட்டையாகக் கிடந்தது.

"பத்தாவது பாகத்துக்கும் ஒரு கலர் போட்டுடுங்க அண்ணி," என்று நாத்தனார் தன் தூண்டில் கயிற்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பணும். அப்புறம், காலை நிறுத்துங்க. படகு ஓட்டையாயிடும்."

கால் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது.