நான்காம் உருப்படியின் பதினொரு விநாடிகள்

1
இக்கதை ஒரு குறிப்பாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனை ஜாஸ் கிற்றார்க் கலைஞர் றொஹான், தம் புதிய அல்பத்தின் அட்டைக்கு எட்டு வரிகள் கேட்டார். ஏழு எழுதிவிட்டேன். எட்டாவது, நான்காம் உருப்படியில் கிற்றார் வாசித்தவர் யார் என்பது.

2
முதல் தொடக்கம்: 'மரமும் மின்சாரமும் கைகோத்த ஓர்...' [நீக்கினேன். பதிவு நடந்த அறையில் எதுவும் எதனோடும் கைகோக்கவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: றொஹானின் இடக்கை மோதிர விரல் சென்ற ஆண்டு மரத்துப்போனது. சில நாள்களில் சொற்கேட்கும். சில நாள்களில் கேட்காது. ஆகவே மின்னிசை அமைக்கும் பர்ஹா, தன் வெள்ளவத்தை ஃபிளாட்டில், அவருடைய கிற்றாரின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து கணினியில் சேர்த்தாள். விரல் கேட்காத நாள்களில் அவள் கீபோர்டை அழுத்துவாள். அவருடைய கிற்றார் ஒலிக்கும். பின்னர், கணினியில் இடம் போதாமல், அவர் வாசித்தவை, அவள் அழுத்தியவை என்ற இருவகைப் பதிவுகளையும் ஒன்றாகக் கலந்து மூலங்களை அழித்துவிட்டாள்.

3
சனிக்கிழமை வெளியீட்டு மேடை. நான்காம் உருப்படியில் பதினொரு விநாடி நீளும் வேகமான கிற்றார் ஓட்டம் ஒன்றுண்டு. அதை வாசித்தது தாம் என்றால் மேடையேறுவது, இல்லையெனில் இனி வாசிப்பதே இல்லை: இது றொஹானின் முடிவு.

"நான்தான் வாசிச்சனான். அண்டைக்கு மழை."

"அண்ணா, நான்தான் அடிச்ச. நல்லா ஞாபகம் ஈக்கி. மழை எல்லா நாளும்தானே பெய்ஞ்ச."

"நீ அடிச்சா இவ்வளவு வடிவா வராது."

"தேங்ஸ்."

(அடிக்குறிப்பு: அவ்வோட்டத்தின் பதிவைப் பதினான்கு முறை கேட்டேன். ஆறாம் விநாடியில் ஒரு தயக்கம் உண்டு. மனிதருடையது என்று மகிழ்ந்தேன். தயக்கங்களையும் பர்ஹா செய்து சேர்ப்பாளாம்.)

4
நேற்று என் முன்னிலையில் றொஹான் அவ்வோட்டத்தை வாசித்துப் பார்த்தார். ஏழாம் விநாடியில் விரல் நழுவியது. மறுபடியும் அங்கேயே. இதனால் எதுவும் நிறுவப்படவில்லை. நேற்றுத் தவறியது, பதிவு நாளில் தவறியதற்குச் சான்றாகாது, ஆயினும்...

பர்ஹா சொன்னாள்: "அண்ணா, நான் பொய் சொன்ன. நீங்கதான் வாசிச்ச."

"இப்ப சொல்றது பொய்யோ, முந்திச் சொன்னதோ?"



5
கதையின் ஒரு முடிவில் அவள் மெய் சொல்கிறாள், மற்றதில் அவருக்கு இரங்கிப் பொய் சொல்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் முகம் ஒன்றாகவே இருக்கிறது.

றொஹான் என் பக்கம் திரும்பினார்.

"எழுதுறவர் நீங்கள்தானே? சொல்லுங்கோ. சனிக்கிழமை ஏறட்டோ?"

நான் எழுந்துகொள்கிறேன். இந்நாற்காலியில் நீங்கள் அமருங்கள். கிற்றார் இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது; உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.