இந்தக் குழாய்க்கு எப்பவும் சளி

அந்தக் கையெழுத்து தன் கணவனுடையது என்று அவளுக்குத் தெரிவதற்கு முன்பே, அதை அழிக்கச் சொல்லும் உத்தரவை அவள் அனுப்பிவிட்டிருந்தாள். நகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், சுவர்களைப் பற்றி வரும் புகார்கள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். போஸ்டர், கிறுக்கல், ஆபாசப் படம், யார் யாரையோ காதலிக்கும் செய்தி. யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். அவள் தெருவைக் குறித்து, எண் போட்டு, வெள்ளையடிக்கும் ஆட்களுக்கு அனுப்புவாள். அடித்து முடித்து அவர்கள் அனுப்பும் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இடம் அதுதானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புகாரை முடிப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அன்று கணினி கொஞ்சம் மந்தமாக இருந்ததால், இரண்டாவது படம் திறக்கும்வரை முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய் இறங்கியது. அதன் வளைவில் துரு கரைந்து ஒழுகியிருந்தது. அதற்கு மேலே நீலச் சாக்பீஸில், “இந்தக் குழாய்க்கு எப்பவும் சளி.” ழாவின் வால் அளவுக்கு மீறி இறங்கி, அடுத்த எழுத்தின் அடிவரை வளைந்திருந்தது. பதினொரு வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற வால். அவள் கணவன் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதவோரம் தேதி எழுத நீலச் சாக்பீஸ் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். இரண்டாவது படம் திறந்தது. சுவர் வெள்ளை. குழாயையும் சேர்த்து அடித்திருந்தார்கள்.

அவள் முடித்துவைத்த பழைய புகார்களைத் தேடினாள். இரண்டு மாதத்தில் ஐந்து கிடைத்தன, எல்லாம் ஒரே தெருவில். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், “இது வாயை மூடிக்கிட்டுப் பாடுது.” பூச்சு உதிர்ந்து செங்கல் சிவந்து தெரிந்த இடத்தில், “சுவர் விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிச்சு.” இழுத்து மூடிய ஷட்டர் ஒன்றில், “இந்தக் கடைக்கு இன்னும் விடியல.” அவன் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. அவன் வாயில் எண்களைத் தவிர வேறு எதுவும் லேசில் வராது. மூன்றாவதை வாசிக்கும்போதுதான் குரல் பிடிபட்டது. அது பாப்பாவின் குரல்.

பாப்பா போய் எட்டு மாதம். ஒன்பது வயது. நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க அம்மா கிளம்பிவிடுவாள் என்பதால், பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனது எப்போதும் அப்பாதான். அந்த வழிதான் இந்தத் தெரு. அவளிடம் பாப்பா பேசியதெல்லாம் ரிப்பனும், வீட்டுப்பாடமும், காணாமல் போன பென்சில் டப்பா மூடியும். குழாய்க்குச் சளி பிடித்த கதையை அவள் கேட்டதே இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது கோபம். எட்டு மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், கேஸ் தீர்ந்ததையும் பல்பு போனதையும் மட்டும் பேசிக்கொள்கிறோம். இந்த மனுஷன் என் பிள்ளையைத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். வெள்ளையடிக்கிறவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்களா மேடம்? ஒரு போன் போட்டிருந்தா போதுமே.”

“இன்னும் எத்தனை இருக்கு?”

“ரெண்டு. சாப்பிட்டு அடிச்சிடறேன். ஆளு விடமாட்டேங்கறான் மேடம். நான் அடிக்க அடிக்க அவன் எழுதிக்கிட்டே போறான்.”

“புகார் வராததையும் அடிச்சிருக்கீங்களா?”

“பக்கத்துல இருந்தா சேர்த்து ஒரு இழுப்பு இழுத்துடுவேன். எதுக்கு மறுபடி மறுபடி அலையறது?”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

அவர் யோசித்தார். “ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அதோ, அந்தக் கதவு சரியா மூடாத ஜன்னலுக்குக் கீழ. ‘எங்கம்மா மாதிரி அரைக் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது’ன்னு. எங்க வீட்டுக்காரியும் அப்படித்தான் தூங்குவா. அதான் மறக்கல.”

அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். கீழே சுவர் பால் போல இருந்தது.

“மிச்ச ரெண்டையும் நாளைக்கு அடிங்க,” என்றாள்.

“நாளைக்குக் கெடு முடியுது மேடம். அப்புறம் என்னைத்தான் கேப்பாங்க.”

“மத்தியானத்துக்கு மேல அடிங்க.”

சாயங்காலம் அவன் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“குழாய்க்குச் சளின்னு எப்ப சொன்னா?”

தண்ணீர் ஊற்றிய கை நின்றது. “ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது. நல்ல மழை அன்னிக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டே வருது. வீட்ல உட்கார்ந்து யோசிச்சா ஒண்ணும் வரமாட்டேங்குது. அந்தந்த இடத்துல போய் நின்னாத்தான் வருது. வந்த உடனே எழுதிடறேன்.”

“அதை அழிக்கச் சொல்றது நான்தான்.”

“தெரியும்,” என்றான். “சுவர் புகார் உன் டேபிளுக்குத்தானே வரும். நீ வாசிப்பேன்னுதான் எழுதினேன்.” டவலை எடுத்துக் காலைத் துடைத்தான். “நீ வாசிச்சுட்டுத்தான் அழிக்கச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

வாசிக்கவே இல்லை என்று அவள் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் வாசித்துவிட்டு அழிக்கச் சொல்வதைவிட அது எந்த விதத்தில் மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் துடைத்த காலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸை அவள் விட்டுவிட்டாள். இருவரும் நடந்தார்கள். மிச்சமிருந்த இரண்டையும் அவன் காட்டினான். இரண்டாவது, எப்போதும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் ஓரம், “வானத்தை மிதிக்காம வாங்க.” பள்ளத்தில் அன்று தண்ணீர் இல்லை, ஒரு செருப்பு கிடந்தது. அவள் இரண்டு தடவை வாசித்தாள். அவன் இடங்களைத்தான் காட்டினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தெரு முடியும் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

“இதுக்கு மேல நான் போறதில்ல.”

“நான் போயிட்டு வரேன்,” என்றாள்.

திருப்பத்துக்கு அப்பால் பள்ளிச் சுவர். ஓர் எழுத்துகூட இல்லாமல் சாம்பல் நிறத்தில் நீண்டு கிடந்தது. எதிர் வீட்டு மாடிக் கொடியில் ஒரு சட்டை தலைகீழாகத் தொங்கியது. காற்று வரும்போது கைகள் இரண்டும் உப்பி எழுந்தன. நின்றதும் சோர்ந்து விழுந்தன. பாப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். அவளுக்குச் சட்டை என்றுதான் தோன்றியது. ஈரச் சட்டை. மணி அடித்தது. பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவள் அண்ணாந்தே நின்றாள். மாடியில் மறுபடி காற்று வந்தது. கைகள் மெல்ல நிரம்பின.