கைநாட்டு

காலை ஒன்பது மணிக்குப் பின்வாசல் வழியாக உள்ளே போனால், பன்னிரண்டுக்குக் கடை ஷட்டர் ஏறுவதற்குள் பகவதி பதினைந்து பெட்டி முடித்தாக வேண்டும். பெட்டிக்கு நாற்பத்தெட்டு குவார்ட்டர் பாட்டில். ஒவ்வொன்றையும் எடுத்து, தூசியைத் துடைத்து, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, திரும்பவும் பெட்டியில் வைக்க வேண்டும். மாப்பிள்ளையூரணிக்கு வெளியே இருந்த அந்த மதுக்கடையின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட், ஒரு முக்காலி, அவ்வளவுதான். உப்பளத்தில் பதினோரு வருடம் நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்தவளுக்கு நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

புருஷன் நயினார் செத்த பிறகு கிடைத்த வேலை அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், குடிக்க இதே கடைக்குத்தான் வருவான். நாற்பத்திநாலு வயதில் ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, பெரியாஸ்பத்திரியில் முடிந்துபோனான். துட்டி கேட்க வந்த கடை சூப்பர்வைசர் விஜயராஜ், "வீட்டுலயே உக்காந்து என்னத்தச் செய்யப் போற. கடைக்கு வா, ஸ்டிக்கர் ஒட்டுத வேல இருக்கு" என்றார். அவளும் போனாள். கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ, ஒன்றும் வரவில்லை. அழுது ஓய்ந்தவளுக்குப் பாட்டில் வெறும் பாட்டிலாகத்தான் தெரிந்தது.

எங்கே ஒட்டுவது என்று முதல் நாளே விஜயராஜ்தான் காட்டினார். சரக்கின் பெயரை மறைத்தால் குடிக்கிறவன் சண்டைக்கு வருவான். கறுப்புக் கோடு போட்ட கட்டத்தை மறைத்தால் பில் மெஷின் எடுக்காது. மிச்சம் இருந்தது லேபிளின் அடியில் இரண்டு விரல் இடம்.

"இங்கன எழுத்து இருக்கே அண்ணாச்சி."

"என்ன எழுத்து?"

"மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு."

"அத எவன் வாசிக்கான். நீ ஒட்டு."

அவள் வாசித்திருக்கிறாள். ஆழ்வார்திருநகரியில் எட்டாவது வரை படித்தவள். நயினார் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் பாட்டிலை வைக்கும்போதெல்லாம் அந்த வரியை அவன் காதில் விழும்படி படிப்பாள். "நல்லாத்தான் வாசிக்க ஏளா, டீச்சருக்குப் போயிருக்கலாம்" என்பான். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகுவான்.

எட்டு மாதம் ஒரு வில்லங்கமும் இல்லை. ஊரில் ஒரு டாக்டர், பாட்டிலில் எச்சரிக்கை பெரிய எழுத்தில், படத்தோடு வர வேண்டும் என்று மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இந்தக் கடைப் பாட்டில் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். இருக்கிற ஒரு வரியையும் மூடி விற்கிறீர்களே என்று கேட்டாராம். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அவர் கேட்டதில் தப்பு இல்லை என்றுதான் பகவதிக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் தேவபிரசாதம். முக்காலியில் உட்கார்ந்து மடியில் ஃபைலை விரித்தார்.

"ஒட்டுனது யாரு?"

விஜயராஜ் பகவதியைக் காட்டினார். ஒட்டச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்கவில்லை.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "தெரிஞ்சே மறைச்சதுன்னு எழுதுனா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். தெரியாம நடந்ததுன்னா ஃபைலு இதோட முடிஞ்சிரும். பேசிட்டு வாங்க."

விஜயராஜ் அவளைப் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அவருக்கு வேர்த்திருந்தது.

"இருவது வருசமா இங்கன நிக்கேன் பகவதி. இதவிட்டா எனக்கு வேற போக்கு இல்ல. படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒனக்கும் வேல நெலைக்கும்லா."

வேலை நிலைக்கும் என்றது மட்டும் அவள் காதில் ஏறியது. மகள் பிரேமா நர்சிங் இரண்டாம் வருடம். அவள் படித்து முடிக்கும்வரை இந்த முக்காலி வேண்டும். சரி என்றாள்.

அதிகாரி எழுதி, படித்தும் காட்டினார். "மேற்படி பகவதி எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், எச்சரிக்கை வாசகம் என்று அறியாமல் அதன் மீது ஸ்டிக்கர் ஒட்டியுள்ளார். சரிதானம்மா?"

தலையாட்டிவிட்டுப் பேனாவுக்குக் கையை நீட்டினாள். அதிகாரி பேனாவை இழுத்துக்கொண்டு மைப்பெட்டியைத் தள்ளினார். ரேஷன் கடை மெஷினைத் தவிர வேறெங்கும் அவள் விரல் வைத்ததில்லை. நயினாரின் உடம்பை வாங்கிய அன்றுகூட, ஆஸ்பத்திரி நோட்டில் இனிஷியலோடு முழுப் பெயரை எழுதிக் கொடுத்தவள். இப்போது எப்படி அழுத்த வேண்டும் என்று தெரியாமல் மை அப்பிக்கொண்டது. விஜயராஜ்தான் அவள் பெருவிரலைப் பிடித்துத் தாளில் உருட்டினார். அவளுக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் பதினான்காவது பெட்டியில் இருந்தபோது விஜயராஜ் ஒரு தாளோடு வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு."

"என்ன அண்ணாச்சி?"

தாளை நீட்டினார்.

"நீயே வாசிச்சுக்கோ."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு படித்தாள்.

"விசாரணையில் தெரியவந்ததன் பேரில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஸ்டிக்கர் ஒட்டும் பணியில் இனி ஈடுபடுத்தக் கூடாது. தற்போது பணியில் உள்ள அத்தகைய நபரை உடனடியாக நீக்கி அறிக்கை அனுப்பவும்."

ஒரு இடத்திலும் திக்கவில்லை. கீழே இருந்த தேதியையும் படித்தாள்.

"நான் வேணும்னா போயி, ஒனக்குப் படிக்கத் தெரியும்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்றார் விஜயராஜ்.

"கைநாட்டு வச்சாச்சுலா அண்ணாச்சி."

தாளை மடித்து அவரிடம் கொடுத்தாள். பெட்டியில் இன்னும் பதினாறு பாட்டில் இருந்தது. உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். ஸ்டிக்கரை இப்போது கழுத்தில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அடியில் அந்த ஒரு வரி பளிச்சென்று தெரிந்தது. வெளியே ஷட்டரைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.