சிலுப்பாத கெடா

எங்கண்ணன் மக முத்தழகுக்குன்னு நான் பொத்திப் பொத்தி வளத்த மகன் தங்கச்சாமி, எழுவத்தி மூணாம் வருசம் சித்திரையில பட்டாளத்துலருந்து லீவுக்கு வந்தான். கூடவே ஒருத்தி இறங்குனா. இமயமலையில சம்பாங்கிற பக்கமாம், ஆடு மேய்க்கிற கத்திங்கிற சாதியாம், பேரு நிம்மோவாம். கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசமாம். எங்கண்ணன் மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?

எங்க ஊரு மானகிரி வெயில்ல கணுக்கால் வரைக்கும் பாவாடைச் சட்டை. இடுப்புல கறுப்புக் கம்பளிக் கயிறு, ஒரு சுத்து ரெண்டு சுத்தில்ல, முப்பது முழம். "ஆட்டக் கட்டுற கயித்துல உன்னையே கட்டி அனுப்பிட்டாகளா?"ன்னேன்.

"சிவன் குடுத்த கயிறு அயித்த. எங்க மலையிலதேன் அவரு குடியிருக்காரு"ன்னா, என் மகன்கிட்டப் படிச்ச தமிழ்ல. சிவனுக்கு வேற சோலி இல்ல போலருக்கு, கயிறு திரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவ அப்பன் கோடையில ஆட்ட மலை மேல ஓட்டுவாராம், பனி விழுந்தா கீழ இறக்கி, நம்ம ஊரு மாதிரியே வயல்ல கிடை போடுவாராம். யாரு கேட்டா?

"கருப்பர் ஏத்துக்கிட்டா நானும் ஏத்துக்கிறேன்"னு சொல்லிட்டேன். கெடா மேல தண்ணி ஊத்தி, அது உடம்பச் சிலுப்பினா சாமி சம்மதம். சிலுப்பலன்னா இவ ரயிலேறணும். "எங்க ஊர்லயும் இப்படித்தேன்"னு நிம்மோ சிரிச்சா. சிரிடி, சிரி.

வெளிய சொல்லிராதீக. சில்லுன்னு தண்ணி பட்டாத்தேன் ஆடு சிலுப்பும், கருப்பருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதனால குடத்துத் தண்ணியக் காலையிலருந்தே கோயில் பாறையில வெயில்ல வச்சுட்டேன்.

உச்சி வேளையில சாமியாடி சின்னக்கருப்பு மூணு தடவ ஊத்துனாரு. கெடா எண்ணெய் தேச்சுக் குளிக்கிற மாப்பிள்ள கணக்கா கண்ண மூடிக்கிட்டு நின்டுச்சு. "கருப்பர் ஏத்துக்கல"ன்னாரு.

தங்கச்சாமி பொண்டாட்டி கையப் பிடிச்சான். "அவ போனா நானும் போறேன் ஆத்தா. இனி உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்." இத நான் யோசிக்கவே இல்ல. இருக்கிறது ஒத்தப் புள்ள.

நிம்மோ குடத்துல விரல விட்டா. என்னைய ஒரு பார்வை பார்த்தா. போச்சு, சொல்லப்போறான்னு நெனச்சேன். அவ நேரா கோயில் கிணத்துக்குப் போனா. கோடையில தண்ணி அதலபாதாளத்துல கிடக்கு, வாளிக் கயிறு எட்டாது. இடுப்புக் கயித்த மடமடன்னு அவுத்து, செம்புல கட்டி இறக்கி, சில்லுன்னு மோந்துக்கிட்டு வந்தா.

"நாலாவது தடவ ஏது?"ன்னாரு சாமியாடி.

"ஊத்தட்டும்யா"ன்னேன்.

காதுலயும் முதுகுலயும் விட்டா. கெடா சிலுப்புன சிலுப்புல சாமியாடி நெத்தித் திருநீறெல்லாம் கரைஞ்சுபோச்சு. பொம்பளைக கொலவ போட்டாக.

நிம்மோ ஈரக் கயித்தப் பிழிஞ்சுக்கிட்டே என் காதுக்கிட்டக் குனிஞ்சா. "எங்க ஊர்லயும் மாமியாருக இருக்காக அயித்த."

கயித்தோட ஒரு முனைய வாங்கி, அவ இடுப்பச் சுத்திச் சுத்தி, முப்பது முழத்தையும் நானே கட்டிவிட்டேன்.